ஒப்பனை பொய்யாகுமா?



ஆலய மலரில் முகப்பூச்சைப் பற்றி எழுதுவதா என்று உங்களிற் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். திருவிழாவைப் பற்றியும் திருமுறையைப் பற்றியும் எழுதவேண்டிய பக்கத்தில் லிப்ஸ்ரிக்குக்கும் பவுடருக்கும் என்ன வேலை என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் எமது வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவம் இவ்விடயத்தைப் பல மாதங்களாக எம்மனதிற் போட்டு உருட்டிக்கொண்டிருக்கின்றது. அது எமது வீட்டில் மட்டும் நடந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. ஆகையால் எழுதுகின்றோம்.

எமது மகளின் பூப்புனித நீராட்டு விழாவை எம்மவர் வழக்கப்படி மண்டபம் எடுத்து, உறவினரை அழைத்துச் சிறப்பாகவே செய்தோம். அலங்காரத்திற்குப் பிறிதொரு நாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தோம. அதிகாலையில் வந்தவர் பெட்டியைத் திறந்ததும் முதலிற் கேட்ட கேள்வி, "பிள்ளைக்கு எவ்வளவு நிறம் கூட்ட வேணும்?" என்பதாகும். நாம் அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உங்களுக்குத் தெரியுந்தானே, வடிவாச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக் கதிரைகளை எண்ணப் போய்விட்டோம்.

அல்பம் வந்தது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அழைத்த உறவினர் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "பிள்ளை நல்ல வெள்ளையா, வடிவா இருக்கிறா." நாமும் மகிழ்ந்தோம். மகள் மட்டும் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மெல்லப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, இதுதான் வடிவெண்டா, அப்ப நான்?"

எம்மிடம் விடை இருக்கவில்லை. இன்னும் சில மாதங்களின் பின் குளியலறை அலுமாரியின் பின்புறத்தில் ஒரு சிறிய கிறீம் டப்பாவை எமது துணைவியார் கண்டெடுத்தார். முகத்தை வெண்மையாக்குவது. ஒரு திருமண வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருவர், நல்ல மனத்துடன்தான், கொடுத்திருந்தார். அதில் என்ன கலந்திருக்கின்றது என்ற விபரம் எந்த மொழியிலும் அச்சிடப்பட்டிருக்கவில்லை.

இதன் பின்னரே நாம் உட்கார்ந்து யோசித்தோம். முகத்திற்கு நிறம் பூசுவது சரியா, பிழையா? அது அழகா, பொய்யா? பிழையென்றால் பிழை எங்கே தொடங்குகின்றது?

நேற்று வந்த பழக்கமன்று

ஒப்பனை என்பது வெள்ளைக்காரரின் நாகரிகம், இந்த நாட்டுக்கு வந்ததால் எமது பிள்ளைகளைப் பிடித்த நோய் என்று பேசுவோர் உளர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. பழைய எகிப்தில் ஆண், பெண், பிள்ளைகள் என்ற வேறுபாடின்றி எல்லோரும் கண்ணுக்கு மை தீட்டினர். ஈயத் தாதுவை அரைத்த கருமையும், மலக்கைற் என்னும் செப்புத் தாதுவை அரைத்த பச்சையும் அவர்கள் பயன்படுத்தியவை. அவற்றை அரைத்த கற்பலகைகள் 5000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட புதைகுழிகளிற் கிடைத்துள்ளன. சிந்துவெளி அகழ்வுகளிலும் மை தீட்டும் செப்புக் கோல்கள் கிடைத்தன.

எம்மவர் மட்டும் பின்தங்கினரா? சங்க காலத்துப் பெண்கள் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதினர். பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு, விரலுக்கு மருதாணி, கண்ணுக்கு அஞ்சனம், மேனிக்கு மஞ்சள். சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடுவதற்குப் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரை இளங்கோவடிகள் கணக்கெடுத்துச் சொல்கின்றார். மொத்தம் நாற்பத்தேழு பொருட்கள்! இன்றைய கடையில் வாங்கும் ஷாம்பூப் போத்தலின் பின்புறத்தில்கூட அத்தனை பெயர்களைக் காண்பது அரிது.

இனி, நாம் வாழும் இந்த நாட்டைப் பார்ப்போம். ஏறக்குறைய 965 ஆம் ஆண்டளவில் இப்ராகிம் இப்னு யாகூப் அல்-தர்தூஷி என்னும் பயணி, முஸ்லிம் ஆட்சியின் கீழ் இருந்த ஸ்பெயினிலிருந்து வடக்கே வந்தார். அன்று டெனிஸ் மன்னரின் கீழ் இருந்த பெரிய வணிகப் பட்டினமான ஹெதபீயை அவர் கண்டார். அது இன்று ஜேர்மனியின் எல்லைக்குள் ஷிலெஸ்விக் நகருக்கருகே உள்ளது. அவ்வூர் மக்கள் மீனையே பெரிதும் உண்டனர் என்றும், அவர்களின் பாட்டு நாய் குரைப்பதை விட மோசமானது என்றும் அவர் எழுதிவைத்தார். கூடவே இன்னொன்றையும் எழுதினார்: அங்கே பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் கண்ணுக்கு மை தீட்டுகின்றனர், அதனால் அவர்களின் அழகு குறைவதேயில்லை என்று. கோடரியும் கப்பலுமாக நாம் கற்பனை செய்யும் வைக்கிங் வீரன், எமது பாட்டிமார் எமக்குப் பூசிவிட்டதைப் போலக் கண்ணுக்கு மை பூசியிருந்திருக்கின்றான்!

இன்னொரு சுவையான செய்தி. டெனிஸ் மொழியில் சனிக்கிழமையை 'லோர்டா' என்கின்றோம். பழைய வட ஐரோப்பிய மொழியில் அதன் பொருள் 'கழுவும் நாள்', அதாவது குளிக்கும் நாள். எமது ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகுவதை நினைத்துப் பாருங்கள். தன்னைச் சுத்தம் செய்து, தன்னை அழகு செய்து, பிறர் முன் வந்து நிற்கவேண்டும் என்ற ஆசை மனிதர் எல்லோருக்கும் பொதுவானது. இதற்கு நாடும் இல்லை, மதமும் இல்லை.

கண்டித்தவர்களும் கொண்டாடியவர்களும்

ஆயினும் ஒப்பனையைக் கண்டித்த பெரியோர் எல்லாக் காலத்திலும் இருந்தனர். கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'கோர்கியாஸ்' என்ற நூலில் ஒப்பனையை ஒரு ஏமாற்றுக் கலை என்றே வகைப்படுத்துகின்றார். உடற்பயிற்சி உண்மையான அழகைத் தருகின்றது, ஒப்பனையோ இரவல் அழகைத் தந்து உள்ளதை மறைக்கின்றது என்பது அவரது வாதம். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியன் பெண்களின் அலங்காரத்தைக் கண்டிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். இறைவன் படைத்த முகத்தைத் திருத்துவது இறைவனைக் குறை சொல்வதாகும் என்றார்.

எமது சமயம் இதில் எப்பக்கம்? சற்று ஆழ்ந்து பார்த்தால், இரு பக்கத்தையும் அது ஏற்றுக்கொண்டிருக்கின்றது. இறைவனுக்குரிய மாலையைத் தானே சூடி, கிணற்று நீரில் தன் உருவத்தைப் பார்த்து, அவனுக்கு நான் பொருத்தமா என்று மகிழ்ந்தவள் ஆண்டாள். தன் அழகிய உடலை வேண்டாமென்று உதறி, பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்காலம்மையார். ஒருத்தி அலங்கரித்தாள், ஒருத்தி அலங்காரத்தைத் துறந்தாள். இருவரையும் கைகூப்பி வணங்குகின்றோம். இருவரிடமும் பொதுவாக உள்ளது ஒன்றுதான்: பூண்டதும் துறந்ததும் அவரவர் சொந்த விருப்பம். 'உன்னைப் பார்க்க முடியவில்லை, இதைப் பூசு' என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கணக்காளனின் அளவுகோல்

நாம் தொழிலாற் கணக்காளர். இந்த நாட்டின் ஆண்டுக் கணக்குச் சட்டத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் ஒரு விதி உண்டு. நிறுவனத்தின் கணக்கு அதன் உண்மை நிலையைச் சரிவரக் காட்டும் படமாக இருக்கவேண்டும் என்பதே அது. படம் அழகாக இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. தலைப்புகளை ஒழுங்காக இடலாம், வரைபடம் போடலாம், நல்ல தாளில் அச்சிடலாம். அதெல்லாம் வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் கடனை மறைத்து, வராத பணத்தை வந்ததாகக் காட்டினால், அது குற்றம். இரண்டும் ஒப்பனைதான். ஒன்று உள்ளதை நன்றாக எடுத்துக் காட்டுகின்றது. மற்றது உள்ளதை இல்லை என்கின்றது.

முகத்துக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம் என்று எமக்குத் தோன்றுகின்றது. கண்ணுக்கு மை இட்டால் அந்தக் கண் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அது அந்தப் பிள்ளையின் கண்தான். நெற்றியிற் பொட்டு, கையில் மருதாணி, விழா நாளில் உதட்டுக்குச் சிறிது சிவப்பு. இவை 'இது நல்ல நாள், உங்களுக்காக நான் ஆயத்தமாகி வந்திருக்கின்றேன்' என்று சொல்கின்றன. இதில் பொய் எங்கே இருக்கின்றது? பார்ப்பவர் எல்லோருக்கும் அது பூசியது என்று தெரியும்.

தெரியாதபடி செய்வதில்தான் பொய் தொடங்குகின்றது. எமது அயல் நாடான நோர்வே 2022 ஆம் ஆண்டு யூலை முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. விளம்பரப் படத்தில் ஒருவரது உடலின் உருவத்தையோ பருமனையோ தோலையோ மாற்றியிருந்தால், அதனைப் படத்திலேயே குறிப்பிடவேண்டும். கணக்கறிக்கையின் அடிக்குறிப்புப் போல! படத்தை மாற்றாதே என்று சட்டம் சொல்லவில்லை. மாற்றினால் சொல் என்கின்றது.

இதற்கெல்லாம் மேலான பாடம் எமது ஆலயத்திலேயே ஒவ்வொரு நாளும் நடக்கின்றது. முதலில் அபிடேகம். பாலும் தயிரும் இளநீரும் சந்தனமும் வழிந்தோட, பட்டும் நகையும் இல்லாத கருங்கல் மேனியை நாம் எல்லோரும் கண்குளிரக் காண்கின்றோம். அதன் பின்னரே திரை போடப்படுகின்றது. திரை விலகும்போது பட்டும் பூவும் நகையுமாக அதே மூர்த்தி நிற்கின்றார். "அரோகரா" என்கின்றோம். அலங்காரத்தைப் பார்த்து எவரும் ஏமாறுவதில்லை, ஏனெனில் சற்று முன்னர்தான் அலங்காரமில்லாத மேனியையும் கண்டு அதற்கும் கைகூப்பினோம். நாளை மீண்டும் எல்லாவற்றையும் களைந்து நீராட்டுவோம். அபிடேகம் இல்லாத அலங்காரம் எமது ஆலயத்தில் இல்லை.

எமது பிள்ளைகளுக்கு நாம் அபிடேகத்தை விட்டுவிட்டு அலங்காரத்தை மட்டும் செய்கின்றோமா? இதுவே எமது கேள்வி.

வெண்மையின் விலை

ஒப்பனையின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதி வெள்ளை நிறத்தைத் தேடிய பகுதியாகும். ஈயத்தைக் காடியின் ஆவியில் வைத்துப் பெற்ற வெண்பொடியை ஐரோப்பியப் பிரபுக் குடும்பத்துப் பெண்கள் நூற்றாண்டுகளாக முகத்திற் பூசினர். அது நஞ்சு. தோல் கெட்டது, கெட்ட தோலை மறைக்க இன்னும் தடிப்பாகப் பூசினர். இங்கிலாந்தில் அழகுக்குப் பெயர்போன கொவென்றிச் சீமாட்டி மரியா 1760 இல் இளவயதில் இறந்ததற்கு இப்பூச்சே காரணம் எனச் சொல்லப்படுகின்றது.

ஏன் இந்த வெண்மை? வெயிலில் வேலை செய்பவள் கறுப்பாள், நிழலில் இருப்பவள் வெளுப்பாள். ஆகவே வெளிறிய முகம் செல்வத்தின் அடையாளமாயிற்று. பிறகு ஐரோப்பாவில் ஏழைகள் வயலை விட்டுத் தொழிற்சாலைக்குள் போனார்கள். 1920 களின் பின், வெயில் காய விடுமுறை போகக்கூடியவரே செல்வந்தர் என்றாயிற்று. உடனே அழகும் நிறம் மாறிவிட்டது! இன்று எமது பிள்ளையுடன் படிக்கும் டெனிஸ் சிறுமி மண்ணிறமாக வரவேண்டுமென்று சோலாரியம் தேடிப் போகின்றாள். 2009 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சோலாரியக் கதிர்கள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று அறிவித்தது. இந்த நாட்டுப் புற்றுநோய்ச் சங்கம் 2007 முதல் வெயிலைக் குறைக்கும்படி பரப்புரை செய்துவருகின்றது. அவள் எமது பிள்ளையின் நிறத்துக்கு ஆசைப்பட்டு ஆபத்தை வாங்குகின்றாள். எமது பிள்ளையோ அவளது நிறத்துக்கு ஆசைப்பட்டு வேறோர் ஆபத்தை வாங்குகின்றது. இருவரும் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கின்றார்கள்.

அந்த வேறோர் ஆபத்து என்ன? வெண்மையாக்கும் கிறீம்கள் சிலவற்றிற் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது தோலில் இயற்கை நிறம் உண்டாவதைத் தடுக்கின்றது. ஆனால் தோலினூடாக உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கின்றது. தாய் பூசினால் அணைக்கும் குழந்தைக்கும் போகலாம். இதனாலேயே ஐரோப்பாவில் 1976 ஆம் ஆண்டின் ஒப்பனைப்பொருட் சட்டத்திலிருந்தே இத்தகைய கிறீம்களிற் பாதரசம் தடை. ஹைட்ரோகுயினோன் என்னும் இன்னொரு வெளுக்கும் இரசாயனம் முகக் கிறீமில் 2001 முதல் தடை. உலக நாடுகள் 2013 இல் கைச்சாத்திட்ட மினமாற்றா உடன்படிக்கையும், 2023 இல் அதன் கீழ் எடுக்கப்பட்ட முடிவும், பாதரசம் சேர்த்த எல்லா ஒப்பனைப் பொருட்களையும் 2025 உடன் நிறுத்தச் சொல்கின்றன. சட்டம் இருக்கின்றது. ஆனால் விமானப் பெட்டிக்குள்ளும், உறவினரின் கைப்பைக்குள்ளும் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

எமது வீட்டில் அகப்பட்ட டப்பாவில் என்ன இருந்தது என்று நாம் அறியோம். அதனைக் குப்பையிற் போட மனம் வராமல், நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனோம். "இதில் என்ன இருக்கிறது?" என்று அங்கு வேலை செய்பவர் கேட்டார். "தெரியாது" என்றோம். ஆபத்தான கழிவுகளுக்குரிய பெட்டியைக் காட்டினார். என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை இந்த நாட்டில் மண்ணிற்கூடப் போட விடமாட்டார்கள். எமது பிள்ளை அதை முகத்திற் பூசியிருக்கின்றாள்.

விற்பவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் 1975 இல் சந்தைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' கிறீம் 2020 இல் 'ஃபெயார்' என்ற சொல்லைக் கைவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் புகழ்பெற்ற ஒரு திருமண இணையத்தளம் மணமக்களைத் தோல் நிறத்தால் தெரிவுசெய்யும் வசதியை நீக்கியது. அதற்கு முன்பே, 2009 இல், சென்னையில் 'கறுப்பே அழகு' என்னும் பொருளில் ஓர் இயக்கம் தொடங்கியிருந்தது. கொம்பனியே ஒரு சொல்லை விட்டுவிட்டது. நாம் விட்டோமா? "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு, ஆனா நல்ல பிள்ளை" என்கின்றோம். அந்த 'ஆனா' என்ற சொல்லை எத்தனை பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கும்!

இது எமது பழந்தமிழர் வழியும் அன்று. சங்கப் புலவர்கள் பெண்ணின் நிறத்தை 'மாமை' என்று போற்றினர். மாந்தளிரின் நிறம். கருமையும் செம்மையும் கலந்த மினுமினுப்பு. அந்த நிறம் போய் மேனி வெளிறினால் அதற்குப் 'பசலை' என்று பெயர். பசலை என்பது அழகன்று, பிரிவுத் துயரால் வரும் வாட்டம். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். வெளிறுவதை நோயென்று சொன்ன மொழியைப் பேசுகின்ற நாம், வெளிறுவதற்குக் காசு கொடுக்கின்றோம்.

கும்பாபிடேகத்துக்கு முன்னர் நடக்கும் எண்ணெய்க்காப்பை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நின்று, எமது கையாலேயே மூர்த்தியின் மேனியில் எண்ணெய் சாத்துகின்றோம். கருங்கல் இன்னும் கறுத்து, ஒளிவிடுகின்றது. "என்ன அழகு!" என்று கண்ணீர் விடுகின்றோம். அந்த வரிசையில் எம்முடன் நின்ற பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்து, 'நீ கொஞ்சம் கறுப்பு' என்றால், அந்தப் பிள்ளை எதை நம்பும்?

பொட்டு மறுக்கப்பட்டவர்கள்

ஒப்பனையைப் பற்றிப் பேசும்போது அது மறுக்கப்பட்டவர்களையும் பேசாமல் விடமுடியாது. கோவலன் பிரிந்ததும் கண்ணகி கண்ணுக்கு மையையும் நெற்றிக்குத் திலகத்தையும் மறந்தாள் என்று சிலப்பதிகாரம் சொல்கின்றது. அது அவளின் துயரம், அவளாகவே விட்டது. ஆனால் எமது சமூகம் அதனைச் சட்டமாக்கிவிட்டது. 2009 இல் முடிந்த போரும் அதற்கு முந்திய ஆண்டுகளும் எமது ஊர்களில் எத்தனையோ இளம் பெண்களின் துணைவரைக் கொண்டுபோயின. அவர்களிற் சிலர் இன்று எம்மிடையே, இந்த ஆலயத்தின் முன்றலிலேயே நிற்கின்றனர்.

மண்டப வாசலில் பன்னீர், சந்தனம், குங்குமம், கற்கண்டுத் தட்டுடன் எமது சிறுமிகள் நிற்பார்கள். இந்த நாட்டிற் பிறந்த அந்தப் பிள்ளை எல்லோருக்கும் தட்டை நீட்டும். திடீரென்று ஒரு பெரியவர் கண்ணாற் சாடை காட்டுவார். பிள்ளை தட்டைப் பின்னுக்கு இழுக்கும். வந்த பெண் தெரியாதது போல உள்ளே போவார். ஒருத்தியின் முகத்தில் கேளாத வெண்மையைப் பூசுகின்ற அதே கைதான் இன்னொருத்தியின் நெற்றியில் அவள் விரும்பும் பொட்டை அழிக்கின்றது. இரண்டிலும் அந்த முகம் யாருடையது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

எமது மீசையும்

பெண்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவது எம் போன்ற ஆண்களுக்கு எளிது. ஆகையால் உண்மையைச் சொல்லிவிடுகின்றோம்: நாமும் மாதம் ஒருமுறை தலைக்கும் மீசைக்கும் மை பூசுபவரே. வேலைக்கான நேர்முகத் தேர்வு ஒன்றுக்கு முன் தொடங்கிய பழக்கம். கறுத்த தோல், தெரியாத பெயர், இவற்றுடன் நரைத்த மீசையும் வேண்டாம் என்று நினைத்தோம். எமது அளவுகோலில் எம்மை நிறுத்தினால் நாமும் முழுதாகத் தேறமாட்டோம். மகளுக்கு வெண்மை பூசிய பயமும், எமது மீசைக்குக் கருமை பூசிய பயமும் ஒன்றுதான். உள்ளபடி நின்றால் ஏற்கமாட்டார்கள் என்ற பயம். அகதியாக வந்தவர் நெஞ்சில் அது எளிதிற் போகாது. ஆனால் அந்தப் பயத்தைச் சீதனமாகப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டுமா?

மை பூசும் ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கறுப்புத் தலைமைகள் பலவற்றில் பி.பி.டி. எனப்படும் இரசாயனம் உண்டு. சிலருக்கு அது கடுமையான தோல் ஒவ்வாமையைத் தரும், ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் தொடரலாம். 1933 அளவில் அமெரிக்காவில் இந்த இரசாயனம் கலந்த கண்ணிமைச் சாயத்தால் சில பெண்கள் பார்வை இழந்தனர். 1938 இல் அங்கு ஒப்பனைப் பொருட்கள் முதன்முறையாக நடுவண் அரசின் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது தலைமையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடாது, தோலிற் பூசவே கூடாது. 'கறுப்பு மருதாணி' என்று சுற்றுலா இடங்களில் பிள்ளைகளின் கையில் வரைவது பெரும்பாலும் மருதாணியே அல்ல, இதுதான். எமது மருதாணி செம்மண் நிறத்திலேயே பிடிக்கும். உடனே கறுப்பாகப் பிடித்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இந்த நாடு இவ்விடயத்திற் கவனமான நாடு. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொருட்களில் சில வகைப் பாரபன்களை 2011 இல் டென்மார்க் தானாக முன்வந்து தடைசெய்தது. நுகர்வோர் சபை 2015 இல் வெளியிட்ட 'கெமிலுப்பன்' என்னும் கைப்பேசிச் செயலியாற் பொருளின் கோட்டுக் குறியைப் படம் பிடித்தால், அதன் தரத்தை எழுத்தாற் காட்டும். எமது அம்மாமாருக்கு இதைக் காட்டிக் கொடுப்பது பிள்ளைகளின் வேலை.

மகளுக்குச் சொன்ன விடை

'அப்ப நான்?' என்ற கேள்விக்கு நாம் விடை சொல்ல ஏறக்குறைய ஒரு வருடம் சென்றது. வார்த்தையாற் சொல்லவில்லை.

விழா முடிந்து வீடு வந்த இரவில், நகைகளைக் கழற்றி, முகத்தைக் கழுவி, பாடசாலை விளையாட்டு உடுப்புடன் அம்மம்மாவின் பக்கத்தில் குசினி மேசையிலிருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை அவளது சித்தப்பா கைப்பேசியிற் படம் பிடித்திருந்தார். எதற்கோ சிரிக்கின்றாள். முகம் மாந்தளிர் நிறத்தில் மினுங்குகின்றது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வரவேற்பறைச் சுவரில் மாட்டினோம். அல்பத்திலிருந்த படத்தையும் எடுத்தெறியவில்லை. அதுவும் பக்கத்தில் இருக்கின்றது. ஒன்று அபிடேகம், மற்றது அலங்காரம். வருபவர் எந்தப் படத்தைப் பார்த்து "வடிவு" என்கின்றார்கள் என்பதை மகள் குறுஞ்சிரிப்போடு கவனிக்கின்றாள். அம்மம்மா மட்டும் எப்போதும் இடியப்பப் படத்தைத்தான் காட்டுவார்.

இப்போதும் அவள் கண்ணுக்கு மை தீட்டுகின்றாள், உதட்டுக்குச் சிவப்புப் பூசுகின்றாள். நாம் தடுப்பதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டோம்: பூசாமலும் ஒரு நாள் வெளியே போக உன்னால் முடியவேண்டும். முடியுமென்றால் அது அலங்காரம். முடியாதென்றால் அது சிறை.

பெற்றோரே, அடுத்த விழாவுக்கு அலங்காரம் செய்பவர் "எவ்வளவு நிறம் கூட்ட வேணும்?" என்று கேட்டால், "கூட்ட வேண்டாம், உள்ள நிறத்துக்கு வடிவாச் செய்யுங்கோ" என்று சொல்வோம். குங்குமத் தட்டை எவர் முன்னும் பின்னுக்கு இழுக்காதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஆலயத்தினுள் நுழைந்ததும் முதலில் நெற்றியில் நாம் பூசுவது திருநீறு. அதனைப் பூசும்போது எல்லா முகமும் ஒரே முகமாகின்றது.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் எமது பிள்ளைகளுக்குத் தம் முகத்தைத் தாமே விரும்பும் மனத்தையும், அதனைக் கெடுக்காத நாவை எமக்கும் அருள்வாராக.

சிந்திப்போம்.